நான்கு கதவுகளுக்கு ஒரு கைப்பிடி

காரின் கதவைப் பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்பக்கத்து அட்டையைக் கழற்றப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் கிளிப்புகள் உடைந்துபோகும். விரலை உள்ளே விட்டு, ஒவ்வொரு கிளிப்பாகத் தடவிப் பார்த்து, நோகாமல் இழுக்க வேண்டும். நான் நான்கு கதவுகளையும் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஒரு கிளிப்கூட உடையவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 'கார் கதவின் பூட்டு பழுதானதால் மூதாட்டி பலி' என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள், மேடம். என் தங்கையும் துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பூட்டில் ஒரு பழுதும் கிடையாது. கார் உங்கள் ஸ்டேஷன் வாசலில்தானே நிற்கிறது, வேண்டுமானால் போய் இழுத்துப் பாருங்கள். அதைத் திருத்தி எழுதுங்கள் என்று சொல்லத்தான் மன்னவனூரிலிருந்து பஸ் மாறி மாறி ஒட்டன்சத்திரம் வரைக்கும் வந்தேன். வந்தது வந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மூதாட்டி என் அம்மா. பெயர் பிச்சையம்மாள். நான் சேனாதிபதி, அவளுக்கு ஒரே மகன். மேல்மலையில் எங்களுக்குப் பூண்டும் காய்கறியும்தான் வெள்ளாமை. அப்பா போன பிறகு காட்டை அவள்தான் கட்டி மேய்த்தாள். பூண்டு ஊன்றுகிற நாளில் வேலைக்கு வருகிற பெண்கள் அவளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், அப்படி ஒரு வேகம். பிறகு மறதி வந்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், சிரித்தோம். என் மனைவி புவனாவைப் பார்த்து "நீ யாரு தாயி, வேலைக்கு வந்தவளா?" என்று கேட்டாள், அதற்கும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே, "வீட்டுக்குப் போவமா?" என்று கேட்பாள். வெள்ளனே எழுந்ததும் அதுதான். கஞ்சி குடிக்கும்போதும் அதுதான். இதுதானம்மா வீடு என்றால் சுற்றிப் பார்ப்பாள், தலையாட்டுவாள், உடனே திரும்பவும் கேட்பாள். பிறந்த வீட்டைக் கேட்கிறாளோ என்று கூக்காலுக்குக் கூட்டிப் போனேன். அவள் தம்பி மகன் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தான். பாதி குடித்துவிட்டு என் கையைப் பிடித்து, "நேரமாச்சு, வீட்டுக்குப் போவமா?" என்றாள். கொஞ்சம் அசந்தால் கதவைத் திறந்துகொண்டு சோலைக்காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவாள். காட்டுமாடு நிற்கிற பக்கம். புவனாதான் ஓடிப் போய் இழுத்து வருவாள். இழுக்கிற கையை அம்மா கடித்துவிடுவாள். மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுத்தது, கேள்வியை நிறுத்தவில்லை.

காரில் ஏற்றினால் மட்டும் அமைதியாகிவிடுவாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த பிள்ளை மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். என்னை டிரைவர் தம்பி என்பாள், மரியாதையாகப் பேசுவாள். அதனால் வேலை இல்லாத நேரத்தில் எல்லாம் பூம்பாறை வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புவது என் வழக்கமாகிவிட்டது. புவனாவுக்கும் அந்த நேரம்தான் குளிக்க, படுக்கக் கிடைக்கிற நேரம்.

ஒருநாள் பூம்பாறைக்கு முந்தின வளைவில் இடதுபக்கக் கதவு திறந்துகொண்டது. திறந்துகொண்டது என்றுதான் வீட்டில் சொன்னேன். அவள் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, "வீடு வந்துருச்சு, நிப்பாட்டுங்க தம்பி" என்றாள். சேலையைப் பிடித்து இழுத்தேன், அது கிழிந்து கையோடு வந்தது. பிறகு கையைப் பிடித்தேன். வண்டி தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, பஞ்சு மாதிரி மேகம்தான். அம்மாவை இழந்துவிடுவேனோ என்று அன்றைக்குப் பயந்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். சீசன் நேரம், அவனுக்குத் தலை நிமிர நேரமில்லை. "சைல்டு லாக் பேக் டோருக்கு மட்டும்தாண்ணே வரும். ஃப்ரண்ட்ல கெடையாது. அம்மாவப் பின்னாடி உக்கார வைங்க" என்றான். பின்னால் உட்கார்ந்தால் அம்மாவுக்கு வாந்தி வரும், மலைப்பாதையில் யாருக்குத்தான் வராது. ஆகவே நானே செய்வது என்று முடிவு செய்தேன். போனில் ஒரு மலையாளத்துப் பையனின் வீடியோ இருந்தது. அவன் பேசியதில் பாதி புரியவில்லை, கை செய்ததைப் பார்த்துக்கொண்டேன்.

கதவுக்குள் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பூட்டு இருக்கும். வெளிக் கைப்பிடியிலிருந்து அதற்கு ஒரு கம்பி வரும், உள் கைப்பிடியிலிருந்து இன்னொரு கம்பி. எங்கள் பூட்டில் தூசியும் பழைய கிரீஸும் கெட்டியாகப் படிந்திருந்தன. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, புது கிரீஸ் வைத்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்க்ரூக்களை இறுக்கினேன். கதவைச் சாத்தினால் புது வண்டி போல டப்பென்று மூடியது. அப்புறம் உள் கைப்பிடியின் கம்பியைக் கழற்றிவிட்டேன். கைப்பிடி மட்டும் அதன் இடத்தில் இருந்தது. அதையும் எடுத்திருக்கலாம். இழுத்துப் பார்க்க ஒன்று இருந்தால் அவளுக்கு நிம்மதி என்று விட்டுவைத்தேன். அவளும் இழுத்துக்கொண்டே வருவாள்.

கண்ணாடி அடுத்தது. அது ஏற்கெனவே கோணலாக இறங்கி, குழியில் விழுந்தால் பாதிக்குச் சரிந்துவிடும். அம்மா அதை இறக்கி, ஒரு செருப்பை வெளியே போட்டாள். இன்னொரு நாள் மூக்குக்கண்ணாடி போயிற்று. பிறகு கையை வெளியே விட்டு வெளிக் கைப்பிடியைத் தேட ஆரம்பித்தாள். தன் பெயர் மறந்தவளுக்கு அது எப்படித் தோன்றியது என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான். கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி, புது ரப்பர் வைத்து, அது ஏறி இறங்குகிற வழியைச் சுத்தம் செய்தேன். பிறகு கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியை உருவி எடுத்துவிட்டேன். நான்கு கதவிலும் எடுத்தேன். நான்குக்கும் ஒரே அச்சுதான், ஆகவே ஒரு கைப்பிடி போதும். அதை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் மாத்திரை வாங்க இறங்கினபோது, அவள் நகர்ந்து என் சீட்டுக்கு வந்து அந்தப் பக்கமாக இறங்கிவிட்டாள். நடுரோட்டில் நின்றாள், டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. அன்று சாயங்காலமே டிரைவர் கதவிலும் பின் கதவுகளிலும் உள் கம்பியைக் கழற்றினேன். அதன் பிறகு நான் இறங்க வேண்டுமானால் பையிலிருந்து கைப்பிடியை எடுத்து மாட்டி, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுக் கதவைத் திறக்க வேண்டும். இறங்கி நின்று கண்ணாடியை ஏற்றி, கைப்பிடியை உருவிக்கொண்டு, கதவைச் சாத்த வேண்டும். புவனா அதைப் பார்த்துவிட்டு, "தனக்குத்தானே ஜெயில் கட்டிக்கிட்ட மனுசன் நீங்க ஒருத்தர்தாங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதுவரைக்கும் நான் செய்ததில் எது தவறு என்று நீங்களே சொல்லுங்கள், மேடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

பிறகு அந்தக் கார் அவளுக்கு ஓர் அறை மாதிரி ஆகிவிட்டது. காட்டு வேலைக்குப் போகும்போது அவளை உட்கார வைத்து, வரப்பு ஓரத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்துவேன். எங்கள் மலையில் வெயிலைத் தேடிப் போய் உட்கார வேண்டும். மாட்டை வெயிலில் கட்டுவோம், விதைக்கிழங்கை வெயிலில் பரப்புவோம், வண்டியையும் வெயிலில்தான் நிறுத்துவோம். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகத் திருப்பும். கண்ணாடியை மட்டும் முழுக்க ஏற்ற மாட்டோம். மேலே ஒரு விரல் இடைவெளி விடுவோம், இல்லாவிட்டால் மூச்சுக்காற்றிலேயே கண்ணாடி மங்கிவிடும். அம்மா உள்ளே கதகதப்பாக இருப்பாள், தூங்குவாள், விழித்தால் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்துக் காட்டு நாச்சிமுத்து அண்ணன் வேலியில் நின்று, "பெத்தவள இப்படி வச்சுப் பாக்குறது லேசுப்பட்ட சோலியா? நீ புண்ணியவான்டா" என்பார். அப்படிச் சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது. காதுக்குள் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்.

பங்குனியில் ஒருநாள் அந்த ஒரு விரல் இடைவெளியை விட மறந்துவிட்டேன். உச்சிப்பொழுதுக்குப் போய்ப் பார்த்தால் முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டிக் கிடந்தது, உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். "ஏலே சேனா, அனல் அடிக்குதுலே" என்றாள். என் பெயரை அவள் சொல்லி அத்தனை மாதம் ஆகியிருந்ததால் எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர் பிரதேசத்து வெயிலே மூடின வண்டிக்குள் அப்படிச் செய்யும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு ஒருநாளும் மறந்ததில்லை.

உங்கள் ஏட்டு ஐயா நல்ல மனிதர். அம்மா போன அன்றைக்கு என்னை பெஞ்சில் உட்கார வைத்து சோடா வாங்கிக் கொடுத்தார். "மலைக்காரங்க மேடம், கீழ்நாட்டு வெயில் தெரியாம நிப்பாட்டிட்டாரு, பாவம்" என்று உங்களிடம் சொன்னதும் அவர்தான். வெளியே நின்றவர்கள் நான் கல்லால் கண்ணாடியை உடைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். பூட்டு மாட்டிக்கொண்டால்தானே ஒருவன் கண்ணாடியை உடைப்பான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். சாவி என் இடது கையில் இருந்தது, மேடம். வெளியிலிருந்து சாவியைத் திருப்பினால் அந்தக் கதவு ஒரு சுண்டுவிரலுக்குத் திறக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டது, எல்லோரும் உடை உடை என்று கத்தினார்கள், நான் உடைத்தேன். நான் அப்போது அழுதது பொய்யில்லை. அவ்வளவு பாடுபட்டு நிறுத்தின கண்ணாடி தூள்தூளாக அவள் மடியில் கிடந்ததையும் பார்த்தேன்.

அன்றைக்கு நாங்கள் கீழே இறங்கியது என் தங்கை ஜெயப்பிரியா வீட்டுக்கு. அவளைக் கட்டிக் கொடுத்தது இந்த ஊரில்தான். கொஞ்ச நாள் அம்மாவை வைத்துக்கொள்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். புவனா விடிவதற்குள் அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி, சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள். "வண்டி கெளம்புனதும் படுக்கப் போறேங்க. நீங்க வந்து எழுப்புனாத்தான் எந்திரிப்பேன்" என்றாள். பெருமாள்மலையில் திரும்பி, பழனி ரோட்டில் இறங்க இறங்க, எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. நாளைக்கு விடிகாலையில் எழுந்தால் வீடு சத்தமில்லாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன். "நல்லாப் பாடுறீங்க தம்பி" என்றாள் அம்மா.

ஜெயப்பிரியா வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு சொம்பு மோர். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதண்ணே. சண்முகப்பிரியாவப் பொண்ணு பாக்க திடீர்னு வாரோம்ங்கிறாங்க. இந்த நேரத்துல அம்மா இங்க இருந்து, எதையாச்சும் பேசிப்புட்டா, குடும்பத்துலயே இப்படின்னு நெனச்சுருவாங்கல்ல. அடுத்த மாசம் நானே வந்து கூட்டிட்டு வாரேன்."

நான் சரி என்றேன். மகள் கல்யாணம் பெரிய விஷயம். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மா மோரைக் குடித்துவிட்டு, "யாரு தம்பி இந்தப் பிள்ளை? நல்ல கொணமா இருக்கு" என்றாள். ஜெயப்பிரியா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதம் என்பதை அவள் முன்பும் சொல்லியிருக்கிறாள். நான் வண்டியைத் திருப்பினேன்.

எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. கோபம் வந்திருந்தால் வீதியில் நின்று தங்கையோடு சண்டை போட்டுவிட்டு மலை ஏறியிருப்பேன். அடுத்த மாதம் என்று அவள் சொன்ன உடனே, அதுவரைக்கும் கேட்க வேண்டிய கேள்வி முழுவதும் எனக்கு ஒரே நேரத்தில் காதில் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது. பிறகு உடம்பு மரத்துப்போய், ஊசி போட்ட பல் மாதிரி இருந்தது.

பின் சீட்டில் இரண்டு மூட்டை பீன்ஸ் இருந்தது. இறங்குவதே இறங்குகிறோம், மார்க்கெட்டில் போட்டுவிடலாம் என்று விடியற்காலையில் பறித்து ஏற்றியது. மார்க்கெட்டுக்குப் பின்னால், லாரிகள் நிற்கிற பொட்டலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மண்ணே கண்ணைக் கூசியது. ஓரத்தில் ஒரு புளியமரம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு நிழல் இருந்தது, இடமும் காலியாக இருந்தது. நான் வெயிலில் நிறுத்தினேன். கை தானாகத் திருப்பியது என்று உங்களிடம் அன்றைக்குச் சொன்னேன். கை தானாகத் திருப்பவில்லை.

"வீட்டுக்குப் போவமா தம்பி?" என்றாள் அம்மா.

"இருங்கம்மா, வெரசா வந்துர்றேன்" என்றேன்.

இறங்கி, பின் கதவைத் திறந்து மூட்டைகளை எடுத்தேன். ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் வைத்தேன். வெயிலில் கிடந்தால் பீன்ஸ் கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும், விரலில் சுற்றலாம் போல ஆகிவிடும். சாக்கை நனைத்துப் போட்டால் நிற்கும். தண்ணீருக்குச் சுற்றுமுற்றும் பார்த்தேன். அம்மாவின் பாட்டில் அவள் காலடியில் இருந்தது, புவனா நிறைத்துக் கொடுத்தது. அதை எடுத்து வந்து இரண்டு சாக்கின் மேலும் சுற்றித் தெளித்தேன். திரும்பிப் போய் என் பக்கத்துக் கண்ணாடியை மேல்வரைக்கும் ஏற்றினேன். மற்ற கண்ணாடிகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ரப்பர் நன்றாகப் பிடித்திருந்தது. கைப்பிடியை உருவிப் பையில் போட்டு, கதவைச் சாத்தினேன். டப்பென்று மூடியது.

கமிஷன் கடையில் கூட்டம். எடைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹாரன் கேட்டது. எங்கள் வண்டியின் ஹாரன் எனக்குத் தெரியாதா, ஜலதோஷம் பிடித்த குரல் அதற்கு. காட்டில் நிறுத்தும்போது அவள் விளையாட்டாக அடிப்பாள் என்று அதன் வயரைக் கழற்றி வைப்பேன். மலைப்பாதைக்கு ஹாரன் இல்லாமல் முடியாது என்று அன்று மாட்டியிருந்தேன். விட்டு விட்டு அடித்தது. பிறகு விடாமல் அடித்தது.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருண்ணே அது, ஓயாம அடிக்காங்க?"

"லாரிக்காரங்களா இருக்கும்" என்றேன்.

இன்னொரு டீ சொன்னேன். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றது. உடனே எழுந்திருக்கவில்லை. என் காது அப்படி அமைதியாக இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த அமைதியில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு அப்போது நன்றாகத் தெரியும், மேடம், மூடின காருக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று. அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். பூட்டு பழுது என்பதை அடித்துவிட்டு, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் எடைக்கு ஆள் வந்தது. கமிஷன் கடை ஞானவேல் அண்ணனே கூட வந்தார். நாங்கள் இரண்டு பேரும் புளியமரத்தடிக்கு நடந்தோம். நான் காரைப் பார்க்கவில்லை, அவர் பார்க்க ஒரு காரணமும் இல்லை. சாக்கைப் பிரித்து உள்ளே கைவிட்டு ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தார். டக்கென்று முறிந்தது.

"இந்த வெயில்ல எப்படிங்க இப்படிக் கொண்டாந்தீங்க? இப்பத்தான் கொடியில இருந்து பறிச்ச மாதிரி இருக்கு, ஒண்ணுகூட வாடலையே" என்றார்.

"நம்மள நம்பி இருக்குறத நாமதானங்க பாத்துக்கணும்" என்றேன்.